கம்சலாவுக்கு அரைப்பேர்

மேல்கணக்கு,
கருங்கல் தோட்டம்,
நமுனுகுல.
ஞாயிற்றுக்கிழமை, காலைத் தேத்தண்ணிக்குப் பிறகு.

பதுளை கடைவீதியில் மூன்று தலைமுறையாகப் புடவைக்கடை நடத்திப் பேர் எடுத்த குடும்பத்தின் தலைவரும், என் மகள் விதுர்ஷாவுக்கு மாமனாராக வர இருப்பவரும் (அந்த எண்ணம் இன்னும் தங்களுக்கு இருக்குமானால்), என் மதிப்புக்கு என்றும் உரியவருமான சம்பந்தி திரு. தங்கராஜா அவர்களின் சமூகத்துக்கு, ஓய்வுபெற்ற கங்காணி மாரிசாமி இரு கைகளையும் கூப்பி எழுதிக்கொண்டது.

இவ்விடம் நானும் என் மனைவி தனலெட்சுமியும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. அது எட்டு நாளைக்கு முன், சனிக்கிழமை, எட்டாயிரம் பேருக்கு நடுவில் குதித்து மேடை ஏறியதன் பலன், அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அவ்விடம் தாங்களும், சம்பந்தியம்மா சந்திரகாந்தி அவர்களும், மாப்பிள்ளை சுஜனும், கடையும், கடையில் தொங்கும் சேலைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்கக் கதிர்காமத்து முருகனை வேண்டுகிறேன். சுகமாக இருந்தால் தயவுசெய்து போனை எடுக்கவும்.

புதன்கிழமை மத்தியானம் தங்கள் போனிலிருந்து வந்த செய்தி இன்னும் என் கண்ணுக்குள்ளே நிற்கிறது. "பன்னிரண்டாம் திகதி சரிவராது. நிச்சயதார்த்தத்தைத் தள்ளிவைப்போம். காரணம் நேரில்." அவ்வளவுதான். வணக்கமும் இல்லை, சம்பந்தி என்ற சொல்லும் இல்லை. உடனே அழைத்தேன், தாங்கள் எடுக்கவில்லை. அன்றைக்கு ஐந்து தரம், வியாழக்கிழமை ஆறு தரம். மாப்பிள்ளை சுஜனை என் மகள் கேட்டதற்கு, "எனக்கே ஒண்ணும் விளங்கல்ல விது, அப்பா ரெண்டு நாளா ஆரோடையும் பேசுறதில்ல, கடைக்குப் பின்னால கிடங்குல போயி கதவைச் சாத்திக்கிறார்" என்றாராம். அதைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தாங்கள் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டீர்கள். பசறையில் மீன் விற்கிறவர் பார்த்துவிட்டார், எங்கள் தோட்டத்துப் பெரிய துரை பார்த்துவிட்டார், கனடாவில் இருக்கிற என் தங்கச்சி மகன் பார்த்துவிட்டு "மாமா கலக்கிட்டீங்க" என்று எழுதியிருக்கிறான். தாங்கள் மட்டும் பார்க்காமல் இருப்பீர்கள் என்று நான் நினைத்தது மடத்தனம். ஆகவே ஒன்றையும் ஒளிக்காமல் ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன். எல்லாவற்றையும் வாசித்த பிறகு தாங்கள் என்னைத் திட்டலாம், என் மகளை மட்டும் தண்டிக்க வேண்டாம்.

முதலில் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சனிக்கிழமை பதுளையில் நிச்சயதார்த்த மண்டபத்தைப் பார்க்க வரும்படி தாங்கள் அழைத்தீர்கள். கொழும்பில் கண் டாக்டரிடம் நாள் குறித்திருக்கிறேன், வர முடியாது என்று சொன்னேன். என் கண்ணுக்கு ஒரு குறையும் கிடையாது. எதிர் மலையில் கொழுந்து எடுக்கிற பெண்கள் எத்தனை பேர், அதில் யார் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறாள் என்று இங்கிருந்தே சொல்லுவேன். நான் கொழும்புக்குப் போனது கம்சலாவைப் பார்க்க. யார் கம்சலா என்று தாங்கள் கேட்க மாட்டீர்கள். ஏனென்றால் இரண்டு மாதத்துக்கு முன் நான் தங்கள் கடைக்கு வந்தபோது உள்ளே அந்தப் பிள்ளையின் பாட்டுத்தான் கூரை பறக்க ஓடிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் தாங்கள் பாய்ந்துபோய் நிறுத்தினீர்கள். "மன்னிச்சிக்குங்க கங்காணியார், கடையில நிக்கிறவனுங்க போட்டுத் தொலைக்கிறானுங்க, இதெல்லாம் ஒரு பாட்டா?" என்றீர்கள். நானும், "ஆமாங்க, காதுதான் கெட்டுப்போகும்" என்று ஒத்து ஊதினேன். ஊதும்போதே என் சட்டைப் பையில் இருந்த போனில் அந்தப் பிள்ளையின் பாட்டு பதினேழு இருந்தது.

எனக்கு எப்படி இந்தப் பழக்கம் வந்தது என்று தாங்கள் கேட்பது நியாயம். ஓய்வு பெற்ற பிறகு சீனி வருத்தத்துக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். நடக்கும்போது கேட்க மகள் ஒரு போன் வாங்கித் தந்தாள். அதில் பக்திப் பாட்டைத் தேடி எதையோ அமுக்க, ஒரு பெண் பிள்ளை கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து அலறியது. நிறுத்தத்தான் போனேன். நிறுத்தவில்லை. சம்பந்தி, நாற்பது வருடம் மலைக்கு மலை சத்தம் கொடுத்தவன் நான். தொண்டை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். தொண்டையால் கத்துகிறவன் மத்தியானத்துக்கு முன் கம்மிப்போவான். அடிவயிற்றிலிருந்து எடுக்கிறவன்தான் சாயந்தரம் வரைக்கும் நிற்பான். இந்தப் பிள்ளை அடிவயிற்றிலிருந்து எடுக்கிறது! "பனி விலகு" என்று ஒரு பாட்டு, அதில் மூன்றாவது அடியில் ஒரு சத்தம் மேலே போகும் பாருங்கள், எங்கள் ஒன்பதாம் நம்பர் மலையிலிருந்து கொடுத்தால் பள்ளத்தில் தேயிலை அரைக்கிற இஸ்டோர் வரைக்கும் கேட்கும். ரொக் பாட்டு என்று பேர் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பேர் முக்கியமில்லை. தினமும் கேட்டேன், இரண்டு வேளை நடந்தேன், சீனி இறங்கியது. தனலெட்சுமிதான், "நாப்பது வருசம் மலையில நீங்க கத்துனத நாங்க கேட்டோம். இப்ப நீங்க கேக்குறதுக்கு ஒருத்தி கத்துறாளா? நல்லா வேணும்" என்றாள்.

இப்படியே போயிருந்தால் வம்பில்லை. நாலு மாதத்துக்கு முன் வந்த ஒரு வீடியோவில் அந்த மூன்றாவது அடியில் பிள்ளையின் சத்தம் உடைந்தது. மற்றவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். எனக்கும் ஒரு வருடம் அப்படித்தான் ஆரம்பித்தது, பிறகு மூன்று மாதம் ஊமையாக இருந்தேன், விசில் வைத்து வேலை வாங்கினேன். அதற்கு நானே கண்டுபிடித்த மருந்து ஒன்று உண்டு. சுக்கு, மிளகு, அதிமதுரம், கற்பூரவள்ளி, இன்னும் ஒன்று, அதைச் சொல்ல மாட்டேன். இதை எப்படியாவது அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்குத் தூக்கமில்லை. கொழும்பில் பெரிய உள்ளரங்கில் நிகழ்ச்சி என்று அறிந்ததும் பசறையில் கம்யூனிகேஷன் கடை வைத்திருக்கிற ஹம்ஸியாவிடம் போனேன். "டிக்கெட் ஆருக்கு ஐயா?" என்று கேட்டது. "தெரிஞ்ச ஒருத்தருக்கு" என்றேன். "வயசு போட வேணும், என்ன வயசு அவருக்கு?" என்றது. "அறுபத்திரண்டு" என்றேன். ஹம்ஸியா கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சிரித்தது. "இருந்து பாக்குற இடம் முடிஞ்சி ஐயா, மேடைக்குக் கிட்ட நிண்டு பாக்குற இடந்தான் இருக்கு, பெடியன்மார் குதிக்கிற இடம், உங்கட தெரிஞ்சவர் நிப்பாரா?" என்றது. நாற்பது வருடம் நின்று சம்பாதித்தவர், நிற்பார் என்றேன்.

போன விதத்தையும் சொல்லிவிடுகிறேன். நல்ல வேட்டி, வெள்ளைச் சட்டை, அதன்மேல் என் கறுப்புக் கோட்டு, கோட்டுக் கழுத்தில் பின்னால் மாட்டிய குடை, கையில் மருந்து பிளாஸ்க். கண் டாக்டரிடம் போகிறவன் அப்படித்தான் போவான். பதுளை ரயில் நிலையத்தில் காலைக் கோச்சி ஏறினேன். காதுக்குள் வைக்கிற வயரை வைத்துக்கொண்டு பதினேழு பாட்டையும் வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனேன். பண்டாரவளை தாண்டியதும் பெட்டியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கோட்டைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். அட்டன் வந்ததும் எதிரே இருந்த ஒரு அம்மா மெதுவாக என் முழங்கையைத் தொட்டு, "ஐயா, அந்த நாலாவதா போச்சே, அந்தப் பாட்டை இன்னொரு தடவை போடுங்களேன்" என்றது. அப்போதுதான் பார்த்தேன், வயரின் மறுமுனை போனில் இல்லை, என் கோட்டுப் பையில் கிடந்தது. தெமோதரையிலிருந்து அட்டன் வரைக்கும் பெட்டி முழுதும் கம்சலாவைக் கேட்டிருக்கிறது, நான் நடுநடுவே கூடப் பாடியதையும் சேர்த்து. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோட்டுக்கு உள்ள மரியாதை அது. அந்த அம்மாவுக்காக இரண்டு தரம் போட்டேன்.

அரங்கு வாசலில் மரியாதை முடிந்துவிட்டது. காவலுக்கு நின்ற பையன் முதலில் குடையைப் பிடுங்கினான். பிறகு பிளாஸ்க்கைத் திறந்து மணந்து பார்த்தான். கசிப்புச் சாராயம் என்று நினைத்திருக்க வேண்டும். மணந்ததும் தும்மினான், நாலு தும்மல். இன்னொருவனைக் கூப்பிட்டான், அவன் மணந்து ஆறு தும்மினான். அவர்களுடைய பெரியவர் வந்து, "மொகத மே?" என்று, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டபடி ஒரு மூடி ஊற்றி வாயில் விட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாத்தயா, இது உள்ள போக ஏலாது" என்று அரைத் தமிழில் சொல்லி, குடைக்குப் பக்கத்தில் மேசையில் வைத்துவிட்டார். எவ்வளவோ கெஞ்சினேன். பாட்டுப் பாடுகிற பிள்ளைக்கு மருந்து, பாதியை நீங்களே குடியுங்கள், மீதியைக் கொண்டுபோகிறேன் என்றேன். கேட்கவில்லை. நான் எதற்காகக் கொழும்புக்கு வந்தேனோ அது வாசல் மேசையில் இருக்க, வெறுங்கையோடு உள்ளே போனேன். அழுகை வந்தது சம்பந்தி, அதை ஏன் மறைக்க வேண்டும்.

உள்ளே போனால் ஒரு திருவிழாவே நிற்கிறது. கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்கிற நம் மலைநாட்டுப் பிள்ளைகள்தான் பாதிக்கு மேல். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் தலைமயிர். கோட்டைப் பார்த்து, "அங்கிள், செம கெட்டப்பு" என்று என்னோடு படம் எடுத்தார்கள். நாற்பது படம் வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். ஆறரைக்கு ஆரம்பம் என்று டிக்கெட்டில் போட்டிருந்தது. ஆறரை, ஏழு, ஏழரை. எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது. தங்களுக்குத் தோட்டத்து நடைமுறை தெரியாமல் இருக்கலாம். விடியற்காலையில் வேலைக்காரர் எல்லாரும் ஒரு இடத்தில் கூடி, யாருக்கு எந்த மலை என்று பிரிக்கிற இடத்துக்குப் பெரட்டு என்று பேர். பெரட்டுக்குப் பிந்தி வந்தால் அரைப்பேர், அதாவது அன்றைக்கு அரை நாள் வேலை என்றுதான் செக்ரோல் புத்தகத்தில் விழும். சொந்தப் பெண்டாட்டிக்கே மூன்று தரம் அரைப்பேர் போட்டவன் நான். அதை அவள் இன்றைக்கும் சாப்பாடு போடும்போது சொல்லிக் காட்டுகிறாள்.

ஏழே முக்காலுக்கு விளக்கு எல்லாம் அணைந்து ஒரே ஒரு மேளம் அடித்தது. பெரட்டுக்குத் தப்பு அடிப்பார்களே, அந்த அடி. நான் என்னை அறியாமல் நேராக நிமிர்ந்து கையைக் கட்டிக்கொண்டேன். பிறகு வந்தது பாருங்கள் அந்தப் பிள்ளை! ஒரு சாண் உயரம், ஆம்பிளைச் சப்பாத்து, கழுத்தில் கிட்டார். வாயைத் திறந்ததும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. போனில் கேட்டது ஒன்றுமே இல்லை, இது நெஞ்சுக்குள் இருந்து கேட்கிறது. கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. பக்கத்தில் குதித்தார்கள், நானும் குதித்தேன். முழங்கால் வேண்டாம் என்றது, நான் கேட்கவில்லை. என் கல்யாணத்திலும், விதுர்ஷா பிறந்த அன்றும் தவிர இவ்வளவு சந்தோசமாக நான் இருந்ததில்லை. அதைத் தங்களிடம் சொல்லத்தான் வேண்டும், மன்னிக்கவும்.

ஒன்பதாவது பாட்டு "பனி விலகு". மூன்றாவது அடிக்கு மூச்சை எடுக்கிறது பிள்ளை. நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன், உடையுமோ உடையாதோ என்று. அந்த நேரம் பார்த்து மைக் செத்துப்போனது. ஸ்பீக்கர் பெட்டி, கிட்டார், எல்லாமே ஊமை. வெளிச்சம் மட்டும் இருக்கிறது, நடுவில் அந்தப் பிள்ளை மீன் மாதிரி வாயை அசைக்கிறது. ஐந்து நிமிசம், பத்து நிமிசம். வயரைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் இங்கும் அங்கும் ஓடுகிறார்கள். பின்னாலிருந்து ஊளையிட ஆரம்பித்தார்கள். ஒரு வெற்றுப் போத்தல் மேடையில் வந்து விழுந்தது. பிள்ளையின் முகம் சுருங்கிப் போனது. எனக்குப் பொறுக்கவில்லை. எட்டாயிரம் பேர் என்ன, எங்கள் ஒன்பதாம் நம்பர் மலை இதைப் போல பத்து மடங்கு, அங்கே மைக்கா இருந்தது? "கத்து தாயி, அடிவயித்திலேருந்து எடு" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் சம்பந்தி, அவ்வளவு சத்தமாக என் வாய் நாற்பது வருடமாக ஒரே ஒன்றைத்தான் சொல்லிப் பழகியிருக்கிறது. சாயந்தரம் கொழுந்தை நிறுக்கக் கூப்பிடுகிற சத்தம். அதுதான் வந்தது.

"ஏஏஏய்… கொழுந்து நிறுக்க வாங்கோஓஓவ்!"

அடுத்த நொடி நாலு பக்கமும் இருந்து, மேல் தட்டு, கீழ்த் தட்டு, வாசல், கக்கூஸ் பக்கம் எல்லாம் இருந்து, "ஓஓஓவ்!" என்று பதில் வந்தது. மலையில் பெண்கள் கொடுக்கிற அதே பதில். நம் பிள்ளைகள்! தாய்மாரின் பின்னால் ஓடித் திரிந்த காலத்தில் கேட்டது, நினைத்துச் சொல்லவில்லை, தானாக வந்துவிட்டது. பக்கத்தில் ஊதா மயிரோடு நின்ற பெண் பிள்ளை கூடைக் கயிற்றைச் சரிசெய்ய நெற்றிக்குக் கையைக் கொண்டுபோய்விட்டு, அங்கே கயிறு இல்லாததைக் கண்டு திகைத்து நிற்கிறது. திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் ஐம்பது அறுபது பேர் வரிசையில் நிற்கிறார்கள், நிறுவைக்கு! ஓய்வு பெற்ற மறுநாள் சாயந்தரம் பழக்கதோசத்தில் வாசலில் நின்று இப்படித்தான் கூப்பிட்டேன். எங்கள் நாய் மட்டும் வந்தது. இரண்டு வருடம் கழித்து இப்போது எட்டாயிரம் பேர். என் கண்ணால் தண்ணீர் ஓடியது, கண் டாக்டர் என்று சொன்னது அந்த மட்டில் பொய் இல்லை.

மேடையில் அந்தப் பிள்ளை வாயில் கை வைத்துச் சிரிக்கிறது. பிறகு மைக்கைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் வாய்க்குக் குவித்து, வெறும் தொண்டையில், "ஆருங்க அது? எந்தக் கணக்குக் கங்காணி?" என்று கேட்டது, கணக்கு என்றால் தோட்டத்தில் ஒரு பிரிவு. வெறும் தொண்டை சம்பந்தி, கடைசி வரிசை வரைக்கும் கேட்டது! "கருங்கல் தோட்டம், மேல்கணக்கு! ரிட்டயர் ஆகி ரெண்டு வருசம்!" என்றேன். "நான் மடுல்சீமைங்க! எங்கம்மா இந்தச் சத்தத்துக்குத்தான் ஓடுவாங்க! மேல வாங்க ஐயா!" என்றது. நான் மாட்டேன் என்றேன். எனக்குப் பின்னால் நிறுவைக்கு நின்ற அறுபது பேரும் கேட்க வேண்டுமே. தலைக்கு மேலாகத் தூக்கிக் கை மாற்றிக் கை மாற்றிக் கொழுந்துச் சாக்கைப் போல என்னை மேடையில் இறக்கினார்கள். வீடியோவில் வேட்டி கொஞ்சம் ஏறியிருப்பது அப்போதுதான். உள்ளே கால்சட்டை போட்டிருந்தேன் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இனித்தான் வினை. மேடையில் நின்ற பிள்ளையைக் கிட்டக் கண்டதும் ஏழே முக்கால் ஞாபகம் வந்துவிட்டது. சபையில் சொல்லக் கூடாது என்று காதருகே குனிந்து மெதுவாகத்தான் சொன்னேன். அந்த நேரம் பார்த்து மைக் உயிர் பெற்றது. எட்டாயிரம் பேரும் கேட்டார்கள்.

"தாயி, பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆறரைன்னு சொல்லிப்புட்டு ஏழே முக்காலுக்கு வர்றியே, நம்ம பெரட்டுல இப்படி வந்திருந்தா ஒனக்கு அரைப்பேர்தான் போட்டிருப்பேன்."

கூரை போயிருக்க வேண்டும், எப்படி நின்றதோ தெரியவில்லை. "அரைப்பேர்! அரைப்பேர்!" என்று கால் நிமிசம் கத்தினார்கள். பிள்ளை முழங்காலில் விழுந்து சிரித்தது. எழும்பி வந்து கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா, அரைப்பேர் போட்டுறாதீங்க, எங்கம்மா கொன்னுருவாங்க. பிந்தினதுக்கு நாலு பாட்டு கூடப் பாடுறேன், முழுப்பேர் போடுங்க" என்றது. நாலு பாட்டா என்றேன், ஒன்றேகால் மணித்தியாலத்துக்கு ஆறு வேண்டும் என்றேன். ஐந்துக்கு முடிவானது. மேளக்காரரின் பெட்டிமேல் என்னை உட்கார வைத்து யாரோ ஒரு தாளும் பென்சிலும் தந்தார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கோடு கிழித்தேன். நடுவே மருந்து விசயத்தைச் சொன்னதும் ஆள் ஓடிப்போய் பிளாஸ்க்கையும் குடையையும் கொண்டுவந்தது. பிள்ளை எல்லாருக்கும் முன்னால் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "ஐயோ ஐயா, இதுல எவ்வளவு மிளகு?" என்று கண்ணைத் துடைத்தது. பிறகு "பனி விலகு" மறுபடி. மூன்றாவது அடி உடையவில்லை. உடையவில்லை சம்பந்தி! கடைசியில் நான் எழும்பி "முழுப்பேர்!" என்றேன். அதுதான் வீடியோவின் முடிவு.

விடிய வந்து சேர்ந்தேன். அன்று மத்தியானமே யாரோ போனில் பிடித்துப் போட்ட வீடியோவால் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. தனலெட்சுமி வீடியோவை ஒரு தரம் பார்த்துவிட்டு, "அந்தப் புள்ள கேட்டதும் முழுப்பேர் போட்டீங்க, எனக்கு மூணு அரைப்பேரு" என்று அடுக்களைக்குப் போய்விட்டாள். அதைத் தாங்கிக்கொள்வேன். புதன்கிழமை தங்கள் செய்தியைப் பார்த்துவிட்டு விதுர்ஷா, "பரவாயில்லப்பா, நீங்க சந்தோசமாத்தானே இருந்தீங்க" என்றது. அன்று ராத்திரி ரொட்டியைத் தொடவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் பிள்ளை படித்து டீச்சராகி, தங்கள் குடும்பத்துக்கு வருவதற்குத் தன்னைத் தானே எவ்வளவு தயார்செய்தது என்று எனக்குத் தெரியும். தகப்பன் வேட்டி பறக்க ஆடினான் என்பதற்காக அந்தக் கல்யாணம் நின்றுபோனால் நான் பிறகு எந்தப் பாட்டைக் கேட்டு என்ன?

ஆகவே தங்களுக்கு மூன்று சத்தியம் செய்து தருகிறேன். ஒன்று, கம்சலாவின் பாட்டு பதினேழையும் புதன்கிழமையே போனிலிருந்து அழித்துவிட்டேன், போனையும் மா டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன், தாங்கள் அழைத்தால் கேட்கும், மற்றபடி தொடமாட்டேன். இரண்டு, இந்தச் சென்மத்தில் இனிமேல் எந்தப் பாட்டு நிகழ்ச்சிக்கும் போகமாட்டேன், பொய்யும் சொல்லமாட்டேன். மூன்று, சபையில் வாயைத் திறந்து சத்தம் கொடுக்கமாட்டேன், நிச்சயதார்த்தத்தன்று கூட ஆம், இல்லை என்று தலையால் மட்டும் சொல்லுவேன். தாங்கள் பெரிய மனது வைத்து அந்தப் பன்னிரண்டாம் திகதியையே வைத்துக்கொள்ள வேண்டும்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு என் ஆசி. தங்கள் கடை வாசல் என்றும் ஆள் நிறைந்திருக்க, தங்கள் மனம் மட்டும் கொஞ்சம் இளகி இருக்க, கதிர்காமத்தான் துணை.

இப்படிக்கு,
தங்கள் கோபத்துக்கும் தயவுக்கும் காத்திருக்கும்
மாரிசாமி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது மா டப்பா அடித்தது. சம்பந்தியம்மா பேசினார்கள். "கங்காணியண்ணே, போன் எடுக்கல்லன்னு கோவிச்சிக்காதீங்க, இவருக்கு அஞ்சு நாளா தொண்டை அடியோட போச்சு, ஒரு சொல் வரல்ல. உங்க வீடியோவைப் பார்த்ததுலேருந்து கிடங்குக்குள்ள போயி 'ஓஓவ், ஓஓவ்'னு பழகுறார். கடைப் பாட்டெல்லாம் இவர் போடுறதுதான், உங்களுக்குப் பயந்து பையனுங்க மேல போட்டார். நீங்க ரொம்பக் கண்டிப்பான மனுசனாம். அந்தக் கம்சலாப் புள்ள அடுத்த மாசம் பன்னிரண்டாம் திகதி பண்டாரவளைக்கு வருதாம், செவ்வாய்க்கிழமையே நம்ம ரெண்டு குடும்பத்துக்கும் டிக்கெட் எடுத்துட்டார். அப்புறந்தான் அன்னைக்கு நிச்சயதார்த்தம்னு ஞாபகம் வந்திச்சு. அதை எப்படி உங்ககிட்டச் சொல்றதுன்னு தெரியாமத்தான் ஒளிச்சிக்கிட்டு இருக்கார்" என்றார்கள்.

ஆகவே மேலே உள்ள மூன்று சத்தியங்களையும் அடித்துவிட்டதாக வாசிக்கவும். நாலு மணி நேரம் எழுதிய தாள் என்பதால் கிழிக்க மனம் வரவில்லை. நிச்சயதார்த்தத்தைப் பதின்மூன்றாம் திகதி வைத்துக்கொள்வோம், விதுர்ஷாவுக்குச் சொல்லிவிட்டேன், பிள்ளை இப்போது மூன்றாவது ரொட்டி சாப்பிடுகிறது. இத்துடன் பசறை பஸ்ஸில் மருந்துத் தூள் அனுப்பியிருக்கிறேன். காலை ஒரு கரண்டி, மாலை ஒரு கரண்டி, குடித்ததும் பத்து நிமிசம் சேலைகளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம், தும்மல் வரும். பன்னிரண்டாம் திகதி வரைக்கும் கத்திப் பழக வேண்டாம், வந்து நானே அடிவயிற்றிலிருந்து எடுக்கக் காட்டித் தருகிறேன். பண்டாரவளை பஸ் நிலையத்தில் பின்னேரம் மூன்று மணிக்குப் பெரட்டு. பிந்தினால் சம்பந்தி என்றும் பார்க்கமாட்டேன், அரைப்பேர்தான். குடை கொண்டுவர வேண்டாம், வாசலில் பிடுங்கிவிடுவார்கள்.